மேட்டுத் தெருவில் ஒரு பந்தயம்

"மேல கடைசிக் கடை வரைக்கும் நடந்து காட்டறேன். ஏறிட்டா ஆபரேஷன் பேச்சையே நீ எடுக்கக் கூடாது, சரியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

நெஞ்சில் இரண்டு அடைப்பு. இந்த மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவருக்கோ வீம்பு. முப்பது வருஷம் லாரி ஓட்டிய உடம்பாம், அதற்கு ஒன்றும் ஆகாதாம். சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம். பாதி மேடுகூட ஏற மாட்டார், அப்போதாவது புத்தி வரட்டும் என்று ஒத்துக்கொண்டேன்.

கோடையில் வாரம் ஒருநாள், நாங்கள் போயிருந்த மலையூரின் மேட்டுத் தெருவில் சந்தைக்காக வண்டி விடமாட்டார்கள். கீழே பஸ் நிலையம் தொடங்கி மேலே தண்ணீர்த் தொட்டி வரை இரண்டு பக்கமும் கடைகள்தான். செங்குத்தான ஏற்றம். பத்தடி வைப்பதற்குள் எனக்கே முழங்கால் கெஞ்சியது.

இவர் என்னடாவென்றால் கடைக்குக் கடை நின்று பேரம் பேசினார். எப்போதும் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வந்து என்னிடம் திட்டு வாங்குகிற மனுஷர்! கேரட், தேன், மரக்கரண்டி என்று வாங்கி வாங்கி என் கையில் திணித்தார். பை அறுத்து விரலெல்லாம் சிவந்துவிட்டது. அலுத்துப்போய்ப் பின்னாலேயே நடந்தேன்.

கொளுத்துகிற வெயிலில் கம்பளித் தொப்பிக்குப் பேரம் நடந்தது. கடைக்காரம்மா சலித்துப்போய், "சரிங்க, உங்க விலைக்கே எடுத்துக்கங்க" என்றாள்.

இவர் முகம் விழுந்துவிட்டது. "வேற... வேற கலர் காட்டுங்க" என்றார். ஒரு கை மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனுஷர் தொப்பி வாங்க நிற்கவில்லை, மூச்சு வாங்க நிற்கிறார். மேலே பத்துக் கடைதான் பாக்கி. இப்படியே நின்று நின்று ஏறிவிட்டால் ஆபரேஷன் இல்லை. ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"போதும் வாங்க. இனிமே எந்தக் கடையிலயும் நிக்கக் கூடாது" என்று விறுவிறுவென்று நடந்தேன். முடியாது என்றால் தோற்றுவிடுவாரே, அதனால் வாயைத் திறக்காமல் வந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஏழு கடை தாண்டியதும் பின்னால் செருப்புச் சத்தம் நின்றது.

உருளைக்கிழங்குக் கடையோரம் கவிழ்த்துப்போட்ட மரப்பெட்டியில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. பைகளை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். படுபாவி நான், கொன்றே போட்டிருப்பேனே! கடைக்காரர் கொடுத்த தண்ணீரைக் குடிக்கவைத்து, முந்தானையால் விசிறினேன். பந்தயத்தில் ஜெயித்தவள் நான்தான், ஆனால் அது நினைவுக்கே வரவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு சீரானது.

"மூணு கடைதான் இருந்துச்சு" என்றார்.

"பேசாம இருங்க."

தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "மயக்க மருந்து குடுத்துத் தூங்க வைப்பாங்களாமே. எந்திரிக்காமலே போயிட்டா? பயமா இருக்குடி."

இருபத்தாறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. தைரியம் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"எனக்கும்தாங்க" என்றேன்.

அவர் கொஞ்சம் நகர்ந்து, பெட்டியில் எனக்கும் இடம் விட்டார்.