படத்துக்காகக் கழற்றிய கைப்பிடி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய்யை எழுதியவன் நான். ஆண்டுதோறும் டிசம்பரில் ஒரு பத்திரிகைக்கு 'உலகக் கட்டடக்கலையில் இந்த ஆண்டு' என்று பதினாறு பக்கம் எழுதிக் கொடுக்கிறேன். அதில் வரும் ஒரு கட்டடத்திலும் நான் கால் வைத்ததில்லை. படங்கள் மின்னஞ்சலில் வரும். பார்த்துவிட்டு அளந்துவிடுவேன்.

முதலில் கதையை இப்படித் தொடங்கினேன்: "உலகம் உயர உயர வளர்ந்த ஆண்டு அது. பாலைவனத்தில் ஒரு கோபுரம், கடலுக்குள் ஒரு"

(கடலுக்குள் என்ன என்பது மறந்துவிட்டது. ஹோட்டலாக இருக்கும். வேறு எதைக் கட்டப்போகிறார்கள்?)

2

அந்த ஆண்டின் சாதனைகள்: முட்டை வடிவில் ஓர் அருங்காட்சியகம், உள்ளே ஓவியம் மாட்ட நேரான சுவர் ஒன்றுகூடக் கிடையாது. கூரையில் காடு வளர்த்த ஓர் அலுவலகம், காட்டுக்குத் தண்ணீர் லாரியில் வருகிறது. காற்றில் ஆடும் கோபுரத்தைப் பற்றி "காற்றோடு உரையாடுகிறது" என்று வாய் கூசாமல் எழுதினேன்.

பிறகு அந்த நூலகம். நடுவில் வெள்ளைப் படிக்கட்டு. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வெறும் காற்று. "கைப்பிடியைத் துறந்த துணிவு" என்று எழுதினேன். ஒரு பரிசுக் குழு அந்த வரியை அப்படியே எடுத்துப் போட்டு, ஆண்டின் சிறந்த படிக்கட்டு என்று பரிசு கொடுத்தது.

(அடிக்குறிப்பு: அவர்களும் படம்தான் பார்த்தார்கள்.)

3

என் அக்காவுக்கு அந்த நூலகத்தில்தான் வேலை. என் வீட்டிலிருந்து இரண்டு பஸ். நான் போனதில்லை, படம்தான் இருக்கிறதே.

அவள் போன் செய்தாள்.

"அந்தப் படிக்கட்டப் பத்தி எழுதினது நீயா?"

"ஆமாக்கா. நல்லா இருக்கா?"

"கைப்பிடி இருந்துச்சுடா. போட்டோவுக்காக ஆர்க்கிடெக்ட் நின்னு கழட்ட வச்சாரு. மாட்டறேன் மாட்டறேன்னு நாள் போச்சு. அதுக்குள்ள பரிசு வந்துடுச்சு. கைப்பிடி இல்லாததுக்குத்தான் பரிசாம், இனிமே மாட்டக் கூடாதாம்."

"லிஃப்ட் இருக்குமே?"

"ரிப்பேர்."

அக்காவுக்கு வலது முட்டி சரியில்லை. தினமும் புத்தகங்களை அணைத்துக்கொண்டு இருபது தடவை ஏறி இறங்குகிறாள்.

"நேத்து எட்டாவது படியில கால் வழுக்குச்சு. நல்லவேளை சுவத்துப் பக்கம் சாஞ்சேன். அந்தப் பக்கம் சாஞ்சிருந்தா உன் துணிவு என்னன்னு தெரிஞ்சிருக்கும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்த வரி நன்றாக வந்திருந்ததே என்று வருத்தமாகவும் இருந்தது.

4

ஆர்க்கிடெக்டை வில்லனாக்கப் பார்த்தேன். "கறுப்புச் சட்டையும் வட்டக் கண்ணாடியுமாக அவர்" என்பதோடு விட்டுவிட்டேன். உண்மையில், பார்க்காமல் எழுதியதை ஒப்புக்கொண்டு கைப்பிடியை மாட்டச் சொல்லி நான் போன் செய்தபோது மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"உங்க வரியாலதான் சார் பரிசு. பாக்காம எழுதிட்டேன்னு நீங்களே பத்திரிகைல போடுங்க. அன்னைக்கே மாட்டிடறேன்."

போட்டால் அடுத்த டிசம்பரில் என்னை யார் கூப்பிடுவார்கள்?

5

முடிவுகள்.

அ) கைப்பிடி அடித்தளத்தில் பழைய நாளிதழ்களுக்குப் பின்னால் கிடக்கிறது. அக்கா அதை எடுத்துவந்து பன்னிரண்டு திருகாணிகளையும் தானே முடுக்கிவிடுகிறாள். பூரித்துப்போய் அவளிடமே படித்துக் காட்டினேன். "கழட்ட ஆள் இருந்துச்சு. மாட்ட மட்டும் நானா?" என்றாள்.

ஆ) அவள் விழுகிறாள், நான் திருந்துகிறேன். (இந்த முடிவை அடித்துவிட்டேன். நான் திருந்துவதற்கு அவள் முட்டி எதற்கு?)

இ) "அந்த நூலகத்தைப் பார்க்காமலேயே எழுதினேன்." இந்த ஒரு வரிக் கடிதம் மூன்று நாளாக என் திரையில் இருக்கிறது. அதை அனுப்பாமல் இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை என்றால் யாரும் நம்பமாட்டார்கள், அதுதான் வசதி.

இப்போது மணி மூன்று. திரும்பி வந்த புத்தகங்களை அக்கா மேலே கொண்டுபோகும் நேரம். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் ஒரு வரியைச் செதுக்கிக்கொண்டிருக்கிறேன்: "எட்டாவது படி. கையில் ஏழு புத்தகங்கள். வலப்பக்கம் சுவர், இடப்பக்கம்