பாக்காவ் இலைக்கட்டு

சேற்றில் இறங்கப் போகிறவள் யாராவது புதுச் சட்டை வாங்குவாளா? குணபூசணி வாங்கினாள், பங்சார் கடையில், விலைகூடப் பார்க்காமல். ஆசை வெட்கமறியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

கேரி தீவின் கடலோரச் சேற்றில் நிற்கும் பாக்காவ் என்கிற அலையாத்தி மரங்கள் நலமாக இருக்கின்றனவா என்று கவனிப்பது அவள் வேலை. எண்பத்து நாலில் தொடங்கியது. மாதம் ஒருமுறை பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து போவாள். எண் தகடு கட்டிய அதே மரங்கள், கிளை நுனியிலிருந்து மூன்றாவது இணை இலை. பறித்துப் பழைய பேப்பருக்கு நடுவே வைத்து அழுத்தி, ஈரம் போகும்வரை தினமும் பேப்பர் மாற்ற வேண்டும். சோம்பினால் அந்தத் தடித்த இலையில் பூஞ்சணம் பிடித்துவிடும்.

படகு சபாபதியுடையது. தீவின் எஸ்டேட்டில் பிறந்து அங்கேயே வேலை செய்பவன். அவன் கிளையை வளைத்துப் பிடிப்பான், அவள் பறிப்பாள். பேச்சு மரத்தையும் தண்ணீரையும் தாண்டாது. ஆனால் கிளை அவள் முகத்தில் அடித்துவிடாதபடி அவன் மெல்ல விடுவானே, அதற்காகவே அவள் மாதம் முழுக்கக் காத்திருந்தாள். யாழ்ப்பாணத்துக் கிளார்க் வீட்டுப் பெண்ணும் எஸ்டேட் படகுக்காரனும் என்றால் அம்மா வீட்டை இரண்டாக்கிவிடுவாள். அந்தப் பயத்திலேயே இரண்டு வருஷம் போயிற்று.

பிறகு, இந்த மாதத்தோடு அந்த வேலை முடிகிறது என்று ஆபீசில் சொன்னார்கள். அந்தக் கடைசிப் பயணத்திலும் ஒன்றும் சொல்லாமல் கரையேறி வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்தபின் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பேப்பரை மாற்றாமல் விட்டாள். வேண்டுமென்றேதான்.

"காய்ச்சல் சேர், பேப்பர் மாத்த ஏலாமப் போச்சு. இலை எல்லாம் பழுதாப் போச்சு. திரும்பப் போய்ப் பறிச்சுக்கொண்டு வாறன்" என்றாள் ஆபீசரிடம். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே எஸ்டேட்டுக்குப் போன் போட்டார். காரணத்தைச் சொல்லி, அடுத்த வியாழக்கிழமைக்குப் படகு கேட்டார். அப்போது வாங்கியதுதான் அந்தச் சட்டை. இந்த முறை அவனிடம் சொல்லியே விடுவது என்றிருந்தாள்.

புதன்கிழமை எஸ்டேட் லோரி ஆபீஸ் வாசலில் நின்றது. லோரிக்காரர் தம்புசாமி ஓர் இலைக்கட்டை நீட்டினார்.

"சபாபதி குடுத்தான் மிஸ். காய்ச்சல்ல கெடந்த ஒடம்பு, வெயில்ல அலைய வேணாம்னு அவனே எல்லா மரத்துலயும் பறிச்சிட்டான் லா. டெய்லி பேப்பர் மாத்திக் காய வச்சான்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. குணபூசணி கட்டைப் பிரித்தாள். ஒரு தப்பு கிடைக்காதா என்று தாள் தாளாகப் புரட்டினாள். மரம் மாறவில்லை, இணை மாறவில்லை, ஓர் இலையில்கூடப் பூஞ்சணம் இல்லை. அவள் பறித்தபோதுகூட இத்தனை பத்திரமாக வைத்ததில்லை.

ஆபீசர் எட்டிப் பார்த்தார். "ஓகேவா? சரியில்லன்னா நாளைக்கு நீ போய்த்தான் ஆகணும்."

சரியில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்கு அவள் படகில் இருப்பாள். ஆனால் தனக்காக அவன் பார்த்துப் பார்த்துச் செய்ததைக் குப்பையில் போட்டுவிட்டுப் போய், அவன் முகத்தில் எப்படி விழிப்பது?

"நல்லா இருக்கு சேர்" என்றாள்.

தம்புசாமி நகரவில்லை. "ஒடம்பு தேவலையான்னு கேட்டுட்டு வரச் சொன்னான் மிஸ்."

குணபூசணி இலைக்கட்டைத் திரும்பக் கட்டினாள். இன்னும் தேறவில்லை என்றால் பார்க்க வருவானா? வரமாட்டான். அங்கேயே இருந்து கவலைப்படுவான்.

"சுகமாயிட்டுது எண்டு சொல்லுங்கோ. இனி என்னை நினைச்சுக் கவலைப்பட வேண்டாமெண்டும் சொல்லுங்கோ."