மாப்பிள்ளையின் காதுத் தூசி

1

பரிசோதனை முடிந்து பத்தொன்பது நாட்கள் ஆகின்றன. இந்தக் கதையை எழுத உட்கார்ந்தும் அதே பத்தொன்பது நாட்கள்தான். வாயால் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். இதைவிடக் கௌரவமான காரணம் எதுவும் இந்தக் கதைக்கு இல்லை.

தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். போத்தல்களில் வரும் நீரில் என்னென்ன கரைந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். படித்தது வேதியியல். நாலு பேர் முன்னால் பேச வராது. வீட்டில் இருப்பது ஒருவர்தான், அவர் முன்னாலும் வருவதில்லை.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்:

"கூடத்துச் சுவரில் ஒரு சிறுத்தை, வாயைத் திறந்தபடி, நூறு ஆண்டுகளாக உறுமாமல்—"

நிறுத்திவிட்டேன். வீண் அலங்காரம். (அது உறுமாததில் என்ன வியப்பு? கழுத்துக்குக் கீழே வெறும் பலகை.)

இரண்டாவது தொடக்கம்:

"அவர் வாழ்நாளில் ஒரு உயிரைக்கூட வேட்டையாடியதில்லை, ஆனால் அவர் வீட்டில்—"

இது பரவாயில்லை. இதிலிருந்து போகலாம். ஆனால் 'அவர்' என்று யாரோ போல எழுதுவது ஏமாற்று வேலை. அப்பா.

2

அப்பா மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். நான் பிறப்பதற்கு முன்பு ஒருவர் ஒற்றைக் கண் இல்லாத மான் தலையை அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து, "இதுக்கு ஒரு கண்ணு போட்டுத் தர முடியுமா?" என்று கேட்டாராம். கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்து, பின்புறம் சாயம் பூசி, அப்பா ஒரு கண் செய்தார். மானைக் கொடுத்தவர் திரும்பி வரவே இல்லை. அப்பா அதை வீட்டுக்குத் தூக்கி வந்தார். "கண்ணு வச்சப்புறம் பெட்டிக்குள்ள போட்டு மூட மனசு வரல" என்பது அவர் கட்சி.

அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. கொம்பு பிரிந்த மான் தலைகள், ஒரு பன்றித் தலை, பழைய வேட்டைக்காரர்கள் வெடிமருந்து வைத்திருந்த கொம்புக் குடுவைகள், வாத்துகளை ஏமாற்றக் குளத்தில் மிதக்கவிடும் மர வாத்துகள், நாய்களைக் கூப்பிடும் எலும்பு ஊதல், ஒரு விளையாட்டுப் பெட்டி. பெட்டிக்குள் தகர மிருகங்கள் வரிசையாக நிற்கும். சிறு துப்பாக்கியால் தக்கையைச் சுட்டால் பட்ட மிருகம் சாயும். சிறுவயதில் நான் சுடுவேன், அப்பா ஒவ்வொன்றையும் நிமிர்த்தி வைப்பார். சாய்ந்த மிருகத்தை அவரால் ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

வாசலுக்கு உள்ளே இரண்டு காலில் ஒரு கரடி, கையில் தட்டு ஏந்தி நிற்கும். ஏதோ ஒரு பெரிய மாளிகையில் விருந்தினர் தங்கள் பெயரட்டையை வைப்பதற்காகச் செய்தது. எங்கள் வீட்டில் அதில் சாவியும் மின்கட்டண ரசீதும் இருக்கும். அம்மா அதற்குச் சித்தப்பா என்று பெயர் வைத்தாள். "எதுக்கோ கை நீட்டிக்கிட்டே நிக்குது பாருங்க, உங்க தம்பியே தான்." சுவரில் இருந்த சிறுத்தைத் தலைக்கு மாப்பிள்ளை என்று பெயர். கூடத்துச் சுவரின் நடுவில் இருந்துகொண்டு எல்லோரையும் முறைப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லையாம்.

அப்பாவைப் பற்றி ஒரு சந்தேகம். இப்படியே எழுதிக்கொண்டு போனால் வாசகருக்கு அவரைப் பிடித்துவிடும். பிடிக்காத மாதிரி எழுதிப் பார்த்தேன்: கஞ்சர், மனைவியைவிடச் செத்த மிருகங்களை நேசித்தவர் என்றெல்லாம். எளிதாக இருந்தது. அத்தனையும் பொய். கிழித்துப்போட்டேன். அவர் நல்லவர். என் கஷ்டமே அதுதான்.

3

அம்மாவை எழுத வரவில்லை. அவளை நினைத்தால் முகத்துக்கு முன்னால் மூச்சுத்தான் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா முக்காலியில் ஏறி நிற்பாள். ஒவ்வொரு தலையாக, காதுக்குள், பிடரிக்குள், மூக்கின் மடிப்புக்குள் வாயைக் குவித்து ஊதுவாள். தூசி பறக்கும். கண்ணை இடுக்கிக்கொண்டு முடியை விரலால் நீவி விடுவாள். "உங்க மாப்பிள்ளைக்கு முகம் கழுவியாச்சு" என்று கீழே இறங்குவாள். அப்பா அண்ணாந்து பார்த்து, "இடது காது விட்டுப்போச்சே" என்பார். "காதைத் திருகி உங்க கையில குடுக்கட்டுமா?" என்றபடி மறுபடியும் ஏறுவாள். இருமுவாள். ஊதுவாள்.

இந்தப் பழக்கம் அம்மாவுக்கு—

(இங்கே ஒரு வாக்கியம் இருந்தது. எழுதி அடித்தேன். மறுபடி எழுதி மறுபடி அடித்தேன். வாசகர் அந்த இடத்தைக் காலியாகவே வைத்திருக்கட்டும்.)

பல வருடங்களாக அவள் உள்ளங்கையில் சின்னச் சின்னக் கெட்டிப் புள்ளிகள் இருந்தன. பாத்திரம் தேய்க்கிற கை அப்படித்தான் இருக்கும் என்றாள். பிறகு பாதம் மரத்துப்போனது. செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் கடைத்தெருவில் நடந்திருக்கிறாள். அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம். கடைசியில் நுரையீரலில் புற்று. அம்மா புகை பிடிப்பாரா என்று மருத்துவர் கேட்டார். இல்லை. வீட்டில் விறகடுப்பா என்று கேட்டார். "கேஸ்தான் டாக்டர், கேஸ்தான்" என்று அப்பா இரண்டு முறை சொன்னார், அம்மாவைக் காப்பாற்றும் பதில் அதுதான் என்பது போல.

அவள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அப்பா சாப்பிடும்போது திடீரென்று கையை நிறுத்துவார். "எப்படிம்மா வந்திருக்கும் அவளுக்கு? ஒரு கெட்ட பழக்கம் உண்டா? நீ சயன்ஸ் படிச்சவ, சொல்லேன்."

"தெரியலப்பா" என்பேன். பரிசோதனை செய்த நாள் வரை அது உண்மை.

4

அம்மா போன பிறகு அப்பா முக்காலியில் ஏறத் தொடங்கினார். ஞாயிறு மட்டும் இல்லை, தினமும். அவளுடைய வேலையை அவர் எடுத்துக்கொண்டார். அவள் ஊதியது போலவே ஊதுகிறார். அந்தச் சத்தம் கேட்டால் அடுக்களையில் எனக்குக் கை ஓடாது.

ஒருநாள் காபித் தம்ளரை என்னிடம் நீட்டினார். வாங்கும்போது அவர் உள்ளங்கையைப் பார்த்தேன். கெட்டிப் புள்ளிகள். அவர் பாத்திரம் தேய்ப்பதில்லை.

மாப்பிள்ளையின் காதிலிருந்து ஒரு சிட்டிகைத் தூசியைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டேன். அம்மாவின் சீப்பில் இன்னும் முடி இருந்தது. அதையும். பரிசோதனைக் கூடத்தில் மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், கிணற்று நீருக்குச் செய்கிற அதே சோதனையைச் செய்தேன். குடுவையின் வாயில் ஒரு காகிதப் பட்டை வைப்போம். நஞ்சு இல்லையென்றால் வெள்ளையாகவே இருக்கும். தூசிக்கு வைத்த பட்டை மஞ்சளாகி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரும்பழுப்பாகி நின்றது.

முடியைத் திரும்பத் திரும்பக் கழுவினேன். வெளியே ஒட்டிய தூசியாக இருக்கலாம் அல்லவா? கழுவிய பிறகும் பட்டை பழுப்பானது.

ஆர்செனிக். அந்தக் காலத்தில் மிருகத் தோலைப் பாடம் செய்பவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்க அதைச் சோப்பில் குழைத்துத் தோலின் உட்புறம் தடவுவார்கள். தோல் வறண்டு வெடிக்க வெடிக்க அது பொடியாக முடிக்குள் வந்துவிடும். புத்தகத்தில் இருக்கிறது. இத்தனை வருடமும் எனக்குத் தேடத் தோன்றவில்லை.

(அறிவியல் படித்தவளாக ஒன்று சொல்லிவிடுகிறேன். அம்மாவின் நுரையீரலைக் கெடுத்தது இதுதான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. முடியில் இருந்தது, கையிலிருந்த புள்ளிகளும் மரத்துப்போன பாதமும் அதன் அடையாளங்கள் என்று மட்டும்தான் சொல்ல முடியும். இந்த அடைப்புக்குறிக்குள் கொஞ்ச நேரம் ஒளிந்திருந்தேன். வெளியே வந்துவிட்டேன்.)

5

ஆக, கதை என்பது இதுதான். சொன்னால், அம்மா எதனால் போனாள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால், அவரும் அதே வழியில் போவார்.

கதையில் வரும் மகள் கோழை என்று நீங்கள் நினைக்கலாம். அவள் சும்மா இருக்கவில்லை. பொய் சொல்லிப் பார்த்தாள். முதலில் முகக்கவசம் வாங்கி வந்தாள்.

"தூசி ஆகாதுப்பா. இதைப் போட்டுக்கிட்டுப் பண்ணுங்க."

அப்பா மாட்டிக்கொண்டார். முக்காலியில் ஏறினார். கன்னத்தை உப்பி ஊதினார். துணிதான் உப்பியது.

"இதைப் போட்டா எப்படிம்மா ஊதுறது? வாயைக் கட்டிட்டுப் பாடச் சொல்றியா?" கழற்றிச் சித்தப்பாவின் தட்டில் வைத்தார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அடுத்த பொய்யை மகள் யோசித்துச் செய்தாள். சேகரிப்பாளர்களுக்குத் திருடனைவிடப் பூச்சிதான் பயம்.

"அப்பா, தோல்ல பூச்சி விழுந்திருக்கும்னு நினைக்கிறேன். எல்லாத்தையும் பிளாஸ்டிக்ல கட்டி மாடி அறையில பூட்டி வச்சிடலாம். யாரும் கிட்ட போக வேணாம்."

"பூச்சியா? இதுலயா?" சிரித்தார். "நூறு வருஷமா ஒரு பூச்சி அண்டினதில்லம்மா. அந்தக் கால ஆளுங்க வேலைன்னா சும்மாவா? என்னத்தைப் போட்டாங்களோ, கில்லாடிங்க."

ஆனால் முகம் மாறிவிட்டது. கடையில் வைத்திருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியைத் தேடி எடுத்தார். அன்று பகல் முழுவதும் ஒவ்வொரு தலையாகக் கீழே இறக்கி மடியில் வைத்து, முகத்தோடு முகம் ஒட்டி, முடியைப் பிரித்துப் பிரித்து ஊதிப் பார்த்தார். மான், பன்றி, மாப்பிள்ளை. பூச்சி இல்லை. இருக்க முடியாது என்பதை நானே சொல்லியிருக்கலாம். மாலையில் இருமிக்கொண்டே வந்தார்.

"ஒண்ணுகூட இல்லம்மா. நல்லாப் பார்த்துட்டேன். நீ பயப்படாத."

என் பொய் இல்லாமல் இருந்தால் அவர் அன்று கால்மணி நேரம்தான் ஊதியிருப்பார்.

6

வேறு முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் மகள் பழம்பொருள் வியாபாரியைக் கூட்டி வருகிறாள். அப்பா அழுகிறார், பிறகு சம்மதிக்கிறார். வண்டி வந்து எல்லாவற்றையும் ஏற்றிப் போகிறது. நல்ல முடிவாகத்தான் தெரிந்தது. ஆனால் வண்டி எங்கோ போய் நிற்குமே. அங்கே ஒரு கூடம் இருக்கும். அங்கேயும் ஒருத்தி முக்காலியில் ஏறுவாள். வண்டி அந்த வீட்டு வாசலில் நின்றதோடு நிறுத்திவிட்டேன்.

இன்னொன்றில் மகள் எல்லாவற்றையும் கொல்லையில் போட்டு எரிக்கிறாள். அது பார்க்க நன்றாக இருக்கும்: தீ, கண்ணாடிக் கண்கள், வெடித்துச் சிதறுவது. ஆனால் ஆர்செனிக் எரிந்து போகாது. புகையில் ஏறிப் பக்கத்து வீட்டு மாடியில் காயும் துணியில் இறங்கும். புதைத்தால் மண்ணிலிருந்து நீருக்கு வரும். ஒருநாள் அந்த நீர் போத்தலில் அடைத்து என் மேசைக்கே வரும். அது ஒரு தனிமம். அதை இல்லாமல் ஆக்குவதற்கு ஒரு வழியும் எனக்குச் சொல்லித்தரப்படவில்லை.

மூன்றாவதில் மகள் உண்மையைச் சொல்கிறாள், அப்பா தாங்கிக்கொள்கிறார். "நீ சொன்னது நல்லதாப் போச்சும்மா" என்கிறார். அந்தப் பக்கத்தைப் படிக்க எனக்கே வெட்கமாக இருக்கிறது. அவரை அவ்வளவு பெரிய மனுஷனாக ஆக்கியது எனக்காகத்தான்.

7

இனி வருவது இன்று காலை நடந்தது. நான் ஒரு இடத்தில் நிறுத்திவிடுவேன். அதற்கு அப்புறம் அவர் என்ன சொன்னார், முக்காலியிலிருந்து எப்படி இறங்கினார், இறங்கினாரா என்பதை எழுதப்போவதில்லை. எழுதினால் நான் அதை அழகாக்கிவிடுவேன். அது உங்களிடம் இருக்கட்டும்.

அப்பா முக்காலியில் நின்றிருந்தார். நான் சாப்பாட்டு மேசையில் இந்தக் காகிதங்களோடு இருந்தேன்.

"என்னம்மா, இத்தனை நாளா எழுதிக்கிட்டே இருக்க? ஆபீஸ் வேலையா?"

"இல்லப்பா. கதை."

"அட! நீயா? பேசுறதுக்கே உனக்கு விண்ணப்பம் போடணும்." அவருக்குச் சந்தோஷம். "யாரைப் பத்தி?"

"நம்ம வீட்டைப் பத்தி."

"மாப்பிள்ளை வர்றாரா?"

"வர்றார்."

"கேட்டியாய்யா, கதையில வர்றியாம்" என்று சிறுத்தையின் தாடையைத் தட்டினார். கொஞ்சம் தூசி இறங்கியது. குரல் தாழ்ந்தது. "அம்மா?"

"ம்."

"ஊதுறாளா?"

"ஊதுறாங்க."

"அதை விட்டுடாதம்மா. இந்த வீட்ல அவ மூச்சு படாத இடமே இல்ல." இடது காதை விரலால் விரித்துப் பிடித்தார். "சரி, அவளுக்கு ஏன் அப்படி வந்துச்சுன்னு கதையிலயாவது ஒரு காரணம் போடுவியா? நிஜத்துல தெரியல. கதையில போடலாம்ல?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வாயைக் குவித்தார். கன்னம் உப்பியது. அம்மாவின் கன்னம் போலவே.

"ஊதாதீங்கப்பா."

அப்படியே நின்றார், உப்பிய கன்னத்தோடு, கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பி. அடித்து அடித்து வைத்திருந்த அந்த வாக்கியம் வாயிலிருந்து வந்தது. என் குரல் அவ்வளவு சத்தமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"அந்தத் தோல்ல விஷம் இருக்குப்பா. அம்மா அதை ஊதி ஊதித்தான் செத்தாங்க. அவங்க ஈரத்துணியை எடுத்துட்டு வந்தப்ப, துணி பட்டா முடி கொட்டிடும், வாயால ஊதுன்னு சொல்லிக் குடுத்தது நீங்க."