உயிரோடு போக விதியில்லை

ராஜலிங்கம் தன் மனைவி சந்திரிகாவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான். அவள் நான்கு அடி தள்ளி, அடுப்படிச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், சாவு வீட்டுச் செலவைப் பார்க்கும் மரணாதாரச் சங்கத்துக்கு அவன் செயலாளர். சாவுக்கு மட்டும் விடும் சங்கத்து வேனை ஆஸ்பத்திரிக்குப் போகக் கேட்டு அவள் விண்ணப்பித்திருந்தாள். அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தவனும் அவன்தான்.

"விதியில இடமில்ல புள்ள. இருந்தாலும் நாளைக்குக் கமிட்டியில வைக்கிறேன். இந்தக் கடுதாசி, விண்ணப்பம் கிடைச்சதுக்கு," என்று நீட்டினான்.

அவளுக்கு இதயத்தில் கோளாறு. வயிற்றில் மூன்று மாதம். சுமந்தால் உயிர் தங்காது என்று கண்டி ஆஸ்பத்திரியில் இரண்டு பெரிய டாக்டர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். வியாழக்கிழமை காலை வந்தால் கலைத்துவிடலாம். செலவில்லை. ஆனால் போய்ச் சேர வேண்டும். யுத்த காலம்; பஸ்ஸில் போனால் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி, அடையாள அட்டையோடு வரிசையில் நடக்க வேண்டும். அவளால் தண்ணீர்ப் பீலி வரைகூட நடக்க முடியவில்லை. வெள்ளைக்கொடி கட்டிய சாவு வேனை ஆமிக்காரர்கள் அதிகம் நிறுத்துவதில்லை.

புதன்கிழமை கமிட்டி கூடியது. சங்கத்துச் சந்தா மாதாமாதம் கொழுந்து பறிக்கும் பெண்களின் சம்பளத்தில் கழிக்கப்பட்டது. கமிட்டியில் ஐந்து ஆண்கள் இருந்தார்கள். பொதுப் பணத்தில் ஓர் உயிரை அழிப்பது பாவம் என்றார் ஒருவர். இன்றைக்கு ஒருத்திக்குக் கொடுத்தால் நாளைக்கு லயத்துச் சனம் முழுக்க வேனில் ஏறும் என்றார் இன்னொருவர். பாராளுமன்றத்திலேயே பேசி முடிக்க முடியாத விஷயம் இது என்று தலைவர் இருளப்பன் பத்திரிகையை உயர்த்திக் காட்டினார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

"பொண்ணப் பயப்பட வேணாம்னு சொல்லு ராஜலிங்கம். ஏதாச்சும் ஆச்சுன்னா கொட்டகை, மேளம், வேன், ஒண்ணுலயும் கொறை வைக்க மாட்டோம்."

விண்ணப்பம் ஏகமனதாகத் தள்ளப்பட்டது. செயலாளருக்கு வாக்கில்லை.

வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த பேச்சியம்மா, சந்திரிகாவோடு ஒரே மலையில் கொழுந்து பறிப்பவள். நேரே டவுனுக்கு இறங்கி, சங்கத்து வேனை ஓட்டும் லாபிரிடம், காலையில் சந்திரிகா வீட்டுக்கு வேன் வேண்டும், சங்கத்து ஆள் என்றாள். அதில் பொய் எதுவும் இல்லை. சங்கத்து ஆள் என்றால் லாபிர் மேற்கொண்டு விசாரிப்பதில்லை.

காலையில் வெள்ளைக்கொடியோடு வேன் லயத்து வாசலில் நின்றது. லாபிர் பிணத்தை ஏற்றப் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்தார்.

"மையத்து எங்க?"

"நான்தாங்க," என்றாள் சந்திரிகா.

லாபிர் அவளைப் பார்த்தார். நிலைப்படியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். பின்கதவைச் சாத்தினார்.

"முன்னால ஏறுங்க தங்கச்சி. பின்னால குலுக்கும்."

கொடியை அவர் அவிழ்க்கவில்லை. பேச்சியம்மா அவளைத் தாங்கி ஏற்றி, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். என்ஜின் சத்தம் கேட்டு ராஜலிங்கம் அறிக்கைப் புத்தகத்தோடு ஓடிவந்தான்.

"விதிய மீறி வேன் போகுது புள்ள. நான் என்னான்னு எழுதுறது?"

அவளுக்குப் பேச மூச்சுச் சேர வேண்டியிருந்தது. லாபிர் காத்திருந்தார்.

"செத்துட்டேன்னு எழுதுங்க," என்றாள். "வந்து கையெழுத்துப் போடுறேன்."