தேத்தண்ணிக்குப் பிறகு

ஜெயந்தினி மலையகத்து அட்டன் நகரில் வீடு விற்றுக்கொடுக்கும் தரகர். இரண்டு வருடமாக வியாபாரம் மந்தம். பணம் வைத்திருந்தவர்களும் விலை இன்னும் இறங்கட்டும் என்று காத்திருந்தார்கள். அவள் கையிலிருந்த வீடுகளில் பூண்டுலோயாவிலிருந்த மதுரனின் வீட்டுக்கு மட்டும்தான் ஆட்கள் வந்தார்கள். ரோட்டோரம், புதுக் கூரை, முன்னால் தேயிலை மலை. படங்களில் அழகாக விழும் வீடு.

வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொண்டதுதான் அவளுக்கு உறுத்தியது. அறைகளைப் பார்ப்பார்கள், தண்ணீர் வசதி கேட்பார்கள், விலைகூடப் பேசுவார்கள். மதுரனின் மனைவி பூரணி தேத்தண்ணி கொடுப்பாள். குடித்துவிட்டுப் போனவர்கள் மறுநாள் வேண்டாம் என்பார்கள். காரணம் கேட்டால் மழுப்புவார்கள். ஐந்து பேர் இப்படிப் போய்விட்டார்கள்.

முதலில் நடராசா மேல் சந்தேகம் வந்தது. அவரும் தரகர், அடுத்தவரிடம் வரும் ஆளைக் கலைப்பதில் பேர்போனவர். பஸ் நிலையத்தில் அவரை மறித்துக் கேட்டாள்.

"என் கையில இருக்குறதையே விக்க முடியல தங்கச்சி. ஒன்னோடதக் கெடுக்க எனக்கு ஏது நேரம்?" என்றார். அவர் முகத்தில் கள்ளம் தெரியவில்லை.

மதுரனோ அவளையே சந்தேகப்பட்டான். "நீங்கதான் ஏதோ சொல்லி வெரட்டுறீங்க. வெல எறங்குனதும் நீங்களே வாங்கிக்கலாம்னு பாக்குறீங்களா?"

ஆறாவதாக ரோகினி டீச்சர் வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, இரண்டு பிள்ளைகளோடு இங்கேயே தங்கிவிட நினைத்தவர். அன்று மதுரன் வேலைக்குப் போயிருந்தான். போன் வருவதுபோல் பாவனை செய்து வெளியே வந்த ஜெயந்தினி, ஜன்னலோரமாக நின்று உள்ளே பார்த்தாள். பூரணி கோப்பையை வைத்தாள். வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு டீச்சரின் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். டீச்சர் பாதித் தேத்தண்ணியோடு எழுந்துவிட்டார்.

டீச்சரை பஸ் ஏற்றிவிட்டு ஜெயந்தினி திரும்பி வந்தாள்.

"அவங்ககிட்ட என்னா சொன்ன?"

"ஒண்ணுமில்லக்கா."

"நான் ஜன்னல்ல பாத்தேன் பூரணி. வீட்ட விக்க இஷ்டமில்லன்னா ஒன் புருசன்கிட்ட சொல்லு. என் பொழப்புல ஏன் மண்ணப் போடுற?"

பூரணி உள்ளறைக்குப் போனாள். அங்கிருந்த அலுமாரியைத் தோளால் முட்டித் தள்ளினாள். அதன் பின்னால் கூரையிலிருந்து தரைவரை சுவர் வெடித்திருந்தது. சீமெந்து பூசிப் பெயின்ட் அடித்த இடமும் மறுபடி பிளந்திருந்தது. ஜெயந்தினியின் விரல் உள்ளே போனது. தரையும் மலைச்சரிவுப் பக்கமாக இறங்கியிருந்தது.

"போன வருசம் கோடு மாதிரிதான் இருந்துச்சு. இப்ப மழ பேஞ்சா நானும் புள்ளைகளும் முன் ரூம்புல படுத்துக்குறோம். வித்துட்டா நம்ம தலவலி தீந்துச்சுங்குறாரு அவரு. வர்றவங்களும் புள்ளகுட்டியோட வர்றாங்க. எப்பிடிக்கா வாய மூடிக்கிட்டு இருக்குறது?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்களும் அவரு பக்கம்னுதான் நெனச்சேன்."

ஜெயந்தினிக்கு முகம் சுட்டது. 'உறுதியான கட்டடம்' என்று விளம்பரத்தில் எழுதியது அவள்தான். அங்கேயே நின்று போனில் அதை அழித்தாள்.

அன்று மாலை மதுரனிடம், அலுமாரியைத் தானே நகர்த்திப் பார்த்ததாகச் சொன்னாள். பூரணியின் பெயரை எடுக்கவில்லை. அவன் கத்தினான். வீட்டை நடராசாவிடம் கொடுக்கப்போவதாகச் சொன்னான். அவள் அவனுக்கு முன்பாகவே நடராசாவிடம் போய் விஷயத்தைச் சொன்னாள்.

"என்னைய ஒதுக்கிட்டு நீயே வித்துக்கவா?" என்று அவர் சந்தேகமாகக் கேட்டார். ஆனாலும் மறுநாள் தானே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததும், "கிராம சேவகருகிட்ட போவோம் தங்கச்சி. நானும் வர்றேன்" என்றார்.

கிராம சேவகர் மேலிடத்துக்குச் சொல்ல, அதிகாரிகள் வந்து பார்த்து, அந்த வீட்டில் இருக்கக்கூடாது என்று எழுதிக்கொடுத்தார்கள். பூரணி பிள்ளைகளோடு மஸ்கெலியாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனாள். மதுரனும் பின்னால் போனான். தன் வீடு குறைந்த விலைக்குக் கிடைக்காத ஆத்திரத்தில் ஜெயந்தினி அதன் பேரைக் கெடுத்தாள் என்றுதான் இன்றைக்கும் சொல்லித் திரிகிறான். அவள் மறுத்துப் பேசுவதில்லை.

ரோகினி டீச்சருக்கு அட்டன் பக்கமாக வேறொரு வீடு காட்டினாள். டீச்சர் சுவர் சுவராகத் தட்டிப் பார்த்தார்.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றார். இன்னும் சொல்லவில்லை.