எதிர்வீட்டுக் கேட்டுக்கு முன்னால்

தேவாலயச் சபைச் செயலாளருக்கு இளைஞர்கள் வைத்திருந்த பெயர் மைக் அண்ணன். கையில் மைக் கிடைத்துவிட்டால் மனிதர் லேசில் கீழே வைக்கமாட்டார். அவருக்கும் இது தெரியும். உள்ளூர அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க முழுக்க அவருடைய யோசனை. நம் தெருவுக்காக உழைக்கிறவர்களுக்கும், நம்மைப் பொறுத்துக்கொள்கிறவர்களுக்கும் ஒருநாளாவது வாயைத் திறந்து நன்றி சொல்ல வேண்டாமா என்று கமிட்டியில் கேட்டார். யாரால் மறுக்க முடியும்? குப்பை வண்டிக்காரர், தபால்காரர், பள்ளி வாசலில் பிள்ளைகள் சாலையைக் கடக்க உதவும் பெரியவர், தேவாலயத்துக்கு எதிர்வீட்டில் இருக்கும் பிரசவ நர்ஸ் என்று நான்கு பேர் தேறினார்கள். ஆளுக்கொரு வாழ்த்து மடல், கண்ணாடிச் சட்டம் போட்டு. நேரில் போய் அழைத்தபோது, "டியூட்டி இல்லேன்னா வரப் பாக்கறேன் சார்" என்று மட்டும் சொன்னார் நர்ஸ்.

அன்றைக்கு வேலை தலைக்கு மேல் இருந்தது. மனைவியை முன்னாலேயே இறக்கிவிட்ட மைக் அண்ணன், சட்டங்களை வாங்கிக்கொண்டு கடைசி நிமிஷத்தில் வந்து, கிடைத்த இடத்தில் காரைச் சொருகிவிட்டு உள்ளே ஓடினார்.

மூன்று பேர் முன்வரிசையில் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். நான்காவது நாற்காலி காலி. அது அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. வாராவாரம் நம் பாட்டையும் கூட்டத்தையும் தாங்குகிற வீடு, அவர்கள் வராமல் என்ன நன்றி விழா என்று மனம் அடித்துக்கொண்டது.

அவர் பாதிப் பேச்சில் இருந்தபோது நர்ஸ் வாசலில் வந்து நின்றார். யூனிஃபார்மில், மூச்சு வாங்க. வாசலில் வரவேற்கும் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "வந்துட்டாங்க! வந்துட்டாங்க!" என்று கையைப் பிடித்து மேடைக்கே இழுத்துவந்துவிட்டார். சபை மொத்தமும் எழுந்து கைதட்டியது. நர்ஸ் தலையை ஆட்டினார், என்னவோ சொன்னார். ஒன்றும் காதில் விழவில்லை.

"பாருங்க, எவ்வளவு அடக்கம்!" என்றார் மைக் அண்ணன். கைதட்டல் இன்னும் கூடியது. சட்டத்தை நர்சின் கையில் திணித்துவிட்டு, அவருடைய பொறுமையைப் பற்றி ஆரம்பித்தார். மைக்கை வாங்க நர்ஸ் இரண்டு தடவை கை நீட்டினார். பழக்கதோஷம், இவர் அதை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டார்.

கடைசியில் போதகரே எழுந்து வந்தார். "அவங்க ஏதோ சொல்லணுங்கறாங்க. குடுங்க."

"மன்னிச்சுக்குங்க," என்றார் நர்ஸ். "என் கேட்டை மறிச்சு ஒரு சாம்பல் கலர் கார் நிக்குது. ஒரு பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சு. முதல் பிரசவம், கூட யாரும் இல்ல. வந்துடறேன்னு சொல்லியிருக்கேன். தயவுசெஞ்சு வண்டியை எடுங்க."

சபை முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டது. மைக் அண்ணனும் பார்த்தார். யாரோ ஒரு பொறுப்பில்லாத ஆளைத் தேடுகிறவர் மாதிரி வரிசை வரிசையாகக் கண்ணை ஓட்டினார். வெளியே இன்னொரு சாம்பல் கார் நிற்கக்கூடாதா என்று ஒரு நப்பாசை. நர்ஸ் வண்டி எண்ணைச் சொன்னார்.

"என்னங்க, அது நம்ம வண்டி," என்றார் மூன்றாம் வரிசையில் இருந்த மனைவி. மெதுவாகத்தான் சொன்னார். அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது.

வரிசைகளுக்கு நடுவே அவர் எப்படி நடந்து வெளியே போனார் என்பது அவருக்கே தெரியாது. காரைப் பின்னால் எடுத்து வழிவிட்டார்.

"உங்களுதா சார்?" என்றார் நர்ஸ், கேட்டைத் திறந்துகொண்டே. குரலில் கோபம்கூட இல்லை. "சபைக்கு வர்றவங்க கேட்டை மறிக்கறாங்கன்னு மூணு தடவை உங்ககிட்டதானே வந்து சொன்னேன்."

"சபையில அறிவிச்சேன் சிஸ்டர். மூணு தடவையும்."

அது பொய் இல்லை. கணீரென்று அறிவித்தார். அது தனக்கும் சேர்த்துத்தான் என்பது மட்டும் ஒருதடவையும் அவர் மண்டையில் ஏறவில்லை. நர்சின் வண்டி தெருமுனையைத் தாண்டியது.

காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு வந்தவருக்கு உள்ளே போக முகம் இல்லை. எதிர்வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். ஆராதனை முடிந்து வந்தவர்களில் பாதிப்பேர் பார்க்காததுபோலப் போனார்கள். "விடுங்கண்ணே, யாருக்கும் நடக்கறதுதானே" என்று ஒருவர் தோளில் தட்டினார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம். வீட்டுக்கு வாங்க என்று மனைவி இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தனியாகப் போனார்.

நர்ஸ் திரும்பி வரும்போது வெயில் உச்சியில் இருந்தது.

"சிஸ்டர், குழந்தை..."

"பொறந்துடுச்சு. பொண்ணு. நல்லாயிருக்கு." வண்டியின் கண்ணாடியைப் பாதி இறக்கியிருந்தார். "நான் போறதுக்குள்ள பொறந்துடுச்சு. தனியாவே பெத்துட்டா. 'வர்றேன்னு சொன்னீங்களே'ன்னு ஒரே அழுகை."

காலையிலிருந்து நின்று நின்று சேர்த்துவைத்த மன்னிப்பில் மைக் அண்ணனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. கேட்டுக்கு முன்னாலேயே நின்றார்.

நர்ஸ் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"சார், கொஞ்சம் தள்ளிக்குங்க. வண்டியை உள்ள விடணும்."