தாய்மாமனுக்கு வைத்த பத்திரிகை

தங்கை மகன் கல்யாணத்துக்குத் தாய்மாமனுக்கு வாட்ஸ்அப்பில் பத்திரிகை வந்திருந்தது. தணிகைவேல் தறியிலிருந்து கையை எடுத்து, கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். பிள்ளையார் ஆடுகிறார், நாதஸ்வரம் கேட்கிறது. அதோடு சரி.

முதல் பத்திரிகை குலசாமிக்கு, அடுத்தது தாய்மாமனுக்கு. மாப்பிள்ளையைப் பெற்றவர்கள் வெற்றிலை பாக்கு, பழம், பூவோடு வீடு தேடி வந்து தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும். தங்கை இருக்கும் உத்திரமேரூரிலிருந்து இங்கே சாலவாக்கம் என்ன சீமையா? டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசுகூடக் கிடையாது.

கல்யாண மாப்பிள்ளையான மருமகன் நந்தகுமாருக்கே போன் போட்டார்.

"இன்னாடா, எல்லாருக்கும் இதானா?"

"ஆமா மாமா. யார் வூட்டுக்கும் போகல. இதான் இப்ப நியூ நார்மல்."

"அப்டின்னா?"

"முன்ன மாதிரி இல்ல, இனிமே இப்டித்தான்னு அர்த்தம்."

எல்லாருக்கும் ஒன்றுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டார். அந்தச் சமாதானம் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. நந்தகுமார் ஸ்டேட்டஸ் வைத்திருந்தான். சென்னையில் அவனுடைய மேனேஜர் வீட்டு சோபா. எதிரே தங்கை வசந்தகுமாரியும் அவள் புருஷனும் வெள்ளித் தட்டோடு நிற்கிறார்கள். வெற்றிலை, பழம், பூ, பத்திரிகை, ஒன்றும் குறையவில்லை. அந்த இங்கிலீஷ் வார்த்தைக்குச் சென்னைக்குப் போக வழி தெரியவில்லை போலிருக்கிறது, சாலவாக்கத்துக்கு மட்டும் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

"நான் போகவே மாட்டேன்" என்று மனைவி கனகாவிடம் சொன்னார். சொன்ன கையோடு தறியில் உட்கார்ந்து, மாப்பிள்ளைக்கான பட்டு வேட்டியைத்தான் நெய்தார். அது வேறு அவருக்கு எரிச்சலாக இருந்தது.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்பு வசந்தகுமாரியே கூப்பிட்டாள்.

"அண்ணா, வேட்டி ரெடியா? நீயே தட்ல வெச்சு சபைல கொண்டாந்து குடுக்கணும். பொண்ணு வூட்டுக்காரங்க பாப்பாங்க. மாமன் முறைய வுட்டுட முடியுமா?"

தணிகைவேல் குரலை உயர்த்தவில்லை.

"மேனேஜருக்கு வெச்ச தட்டு இப்ப சும்மாதான கீது வசந்தா? அத்த எடுத்துக்கினு நம்ம வூட்டுக்கு வா. பத்திரிகைய வெச்சுட்டுப் போ. வேட்டி தன்னால வரும்."

வசந்தகுமாரி இறங்கிய குரலில் கேட்டாள்.

"அண்ணா, நம்ம ஊருக்கு இப்ப எந்த பஸ்ஸு வருது?"

பிறந்து வளர்ந்த ஊருக்குத் தங்கை பஸ் கேட்கிறாள். தணிந்துகொண்டிருந்த கோபம் மறுபடியும் தலைக்கு ஏறியது. ஆனாலும் சொன்னார்.